சூப்பர் கம்ப்யூட்டரில் ஜாப் செத்துப்போனால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அந்த மெஷின்ல ஓட்டிப் பாரு" என்று வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கே விண்ணப்பிப்பது, எப்படி உள்ளே போவது, ஓடாவிட்டால் யாரைக் கேட்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் பிஎச்டி சேர்ந்து இந்த நிலையில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான்.

உதாரணத்துக்குப் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்வில் மெஷினை எடுத்துக்கொள்கிறேன். 1,000 சிபியு நோடுகள் (தனித்தனிக் கணினிகள்), ஒவ்வொன்றிலும் 128 கோர் (கணக்கிடும் அலகு), 256 ஜிபி மெமரி. ஜாப்களை, அதாவது மெஷினுக்கு நாம் கொடுக்கும் வேலைகளை, வரிசைப்படுத்தி ஓட்டுவது ஸ்லர்ம் என்ற சாஃப்ட்வேர். திருச்சி என்ஐடியில் 2022-ல் வந்த பரம் பொருள் மெஷினிலும் ஸ்லர்ம்தான். அங்கே இருப்பவர்கள் முதல் பகுதியைத் தாண்டிவிட்டு மீதியைப் படிக்கலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜாப் நின்றுபோனால் உடனே ப்ரோகிராமின் கோடைத் திறந்து தோண்டாதீர்கள். அதை நிறுத்தியது யார் என்று முதலில் பாருங்கள்: ஸ்லர்மா, கெர்னலா (இயங்குதளத்தின் மையப்பகுதி), நோடா, உங்கள் ப்ரோகிராமேவா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பக் தேடினால் வாரக்கணக்கில் வீணாகும்.

1. கணக்கு: ஆவணங்கள், செலவு, எத்தனை நாள்

ஆன்வில் போன்ற மெஷின்களுக்கான அனுமதி ஆக்சஸ் என்ற திட்டத்தின் வழியாக வருகிறது. பணம் கட்ட வேண்டாம். கிரெடிட் தருவார்கள், அதை நீங்கள் விரும்பும் மெஷினின் நேரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்ப்ளோர், டிஸ்கவர், ஆக்சிலரேட், மேக்சிமைஸ் என்று நான்கு படிகள். புதியவர்களுக்கு எக்ஸ்ப்ளோர் போதும். 2022-ல் திட்டம் தொடங்கியபோது இந்தப் படிக்கு 4,00,000 கிரெடிட் உச்சமாக இருந்தது. இப்போதைய அளவை விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ப்ளோருக்குத் தேவையானவை: தலைப்பு, ஆராய்ச்சியைப் பற்றிய சுருக்கம், உங்கள் சிவி (மூன்று பக்கத்துக்குள், பிடிஎஃப்). பிஎச்டி மாணவர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் வழிகாட்டியின் கடிதம் வேண்டும், அதுவும் பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில். பேராசிரியரிடம் கடிதம் கேட்டு, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் வரை காத்திருப்பதுதான் இதில் நீளமான வேலை. அதனால் வரைவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடுபவர்கள் நிறைய. அதற்குப் பிறகு கிரெடிட்டை ஆன்வில் நேரமாக மாற்ற ஒரு தனிக் கோரிக்கை போட வேண்டும். அதை மெஷின் நடத்துபவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கணக்கு திறக்கும். எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மாநாட்டுக் கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் தொடங்காதீர்கள்.

நேரம் எப்படிக் கழிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்வில்லில் முழு நோடு க்யூவில் ஒரே ஒரு கோரை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 128 கோர்-மணி கழியும். சின்ன வேலைகளுக்கு ஷேர்டு க்யூ. அதிலும் மெமரி அதிகம் கேட்டால் அதற்கு ஈடான கோர்களின் கணக்கில் கழிப்பார்கள். ஒரு கோருக்குச் சுமார் 2 ஜிபி. 64 ஜிபி கேட்டுவிட்டு "ஒரு கோர்தானே" என்று நினைக்க வேண்டாம்.

2. உள்ளே நுழைவது

ஆன்வில் பாஸ்வேர்டை ஏற்காது, எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) மட்டும்தான். அந்தக் கீயை வைக்கவே உள்ளே போக வேண்டுமே என்று குழம்பவேண்டாம்: பிரவுசரில் ஓப்பன் ஆன்டிமாண்ட் என்ற வலைத்தளம் வழியாகப் போனால் கீகளுக்கான கோப்பில் ஒட்டிவிட்டு வரலாம். யூசர் பெயர் உங்கள் ஆக்சஸ் பெயர் அல்ல. அதற்கு முன்னால் ஒரு எக்ஸும் சின்னக் கோடும் சேரும். "பெர்மிஷன் டினைட்" வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

நீங்கள் வந்து இறங்குவது லாகின் நோடு. அங்கே எடிட் செய்யலாம், கம்பைல் செய்யலாம். ஓட்டக்கூடாது. "பத்து நிமிஷம்தான்" என்று ஓட்டினாலும் எல்லோருக்கும் மெஷின் மந்தமாகும். நிர்வாகிகள் ப்ராசஸைக் கொன்றுவிட்டு உங்களுக்கு மெயில் போடுவார்கள்.

3. சாஃப்ட்வேரைக் கட்டுவது

இங்கே எந்த சாஃப்ட்வேரும் தானாக இருக்காது. மாட்யூலாக லோடு செய்ய வேண்டும். "மாட்யூல் அவெயில்" என்று அடித்தால் இப்போதைக்கு லோடு செய்யக்கூடியவை தெரியும். "மாட்யூல் ஸ்பைடர்" எல்லாவற்றையும் தேடும். கம்பைலர், எம்பிஐ (ப்ராசஸ்கள் தங்களுக்குள் செய்தி அனுப்ப உதவும் லைப்ரரி) இரண்டையும் பதிப்பு எண்ணோடு லோடு செய்யுங்கள். எண் இல்லாமல் செய்தால், பராமரிப்பு நாளுக்குப் பிறகு டீஃபால்ட் மாறி, நேற்று ஓடியது இன்று ஓடாது.

மாட்யூல் வரிகளை, ஷெல் திறக்கும்போது தானாக ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் போட்டு வைக்காதீர்கள். ஜாப் ஸ்கிரிப்டிலேயே, முதல் வரி "மாட்யூல் பர்ஜ்" (ஏற்கெனவே லோடானவற்றை நீக்குவது), பிறகு தேவையானவை, கடைசியில் "மாட்யூல் லிஸ்ட்". ஆறு மாதம் கழித்து அவுட்புட்டைப் பார்த்தாலும் எதை வைத்து ஓட்டினோம் என்று அதிலேயே இருக்கும்.

கட்டும்போது அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

இரண்டு எம்பிஐ கலந்துபோவது. காண்டா என்ற பேக்கேஜ் கருவியில் எம்பிஐ4பை (பைதானிலிருந்து எம்பிஐயை அழைக்கும் லைப்ரரி) நிறுவினால் அது தன்னுடைய எம்பிஐயைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். மெஷினின் எம்பிஐயோடு அது சேராது. அறிகுறி வினோதமாக இருக்கும்: 256 ப்ராசஸ் கேட்டிருப்பீர்கள், ஒவ்வொன்றும் "நான் ரேங்க் 0, மொத்தம் 1" என்று எழுதும் (ரேங்க் என்பது எம்பிஐ ப்ராசஸின் வரிசை எண்). எர்ரர் எதுவும் வராது. ஒரே கணக்கை 256 தடவை தனித்தனியாகச் செய்து முடிக்கும். அதனால் பெரிய ப்ரோகிராமை ஓட்டும் முன் ரேங்கையும் மொத்தத்தையும் பிரிண்ட் செய்யும் ஐந்து வரி ப்ரோகிராம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

"மார்ச் நேட்டிவ்" கொடி (கொடி என்றால் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பம்). கம்பைல் செய்யும் மெஷினின் சிபியுவுக்கென்றே கட்டச் சொல்வது இது. கம்பைல் செய்த இடத்திலும் ஓடும் இடத்திலும் ஒரே வகை சிபியு இல்லையென்றால் தொடங்கியவுடன் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று செத்துவிடும். ஓடப்போகும் நோடிலேயே கட்டுவது நல்லது.

அப்புறம் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் இரண்டு பில்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேகத்துக்கு, ஆனால் மைனஸ் ஜி கொடியோடு (பிழை தேட உதவும் விவரங்களைச் சேர்ப்பது; இதனால் ஓட்டம் மெதுவாகாது, கோப்பு மட்டும் பெரிதாகும்). இன்னொன்று பிழை தேடுவதற்கு: ஆப்டிமைசேஷன் இல்லாமல், மெமரிப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரோடு. ஃபோர்ட்ரான் என்றால் "எஃப்செக் ஆல்" போடுங்கள்.

நிறைய லைப்ரரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தால் ஸ்பேக் என்ற கருவி இருக்கிறது. முதல் நாள் எரிச்சலூட்டும், பிறகு அது இல்லாமல் முடியாது.

4. ஜாப் ஸ்கிரிப்ட்

எத்தனை நோடு, எத்தனை நேரம் என்று ஸ்லர்முக்குச் சொல்லும் எஸ்பேட்ச் வரிகள் எல்லாம் ஸ்கிரிப்டின் தலையில் இருக்க வேண்டும். அவற்றுக்கு முன்னால் சாதாரணக் கட்டளை ஒன்று வந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எஸ்பேட்ச் வரிகளை ஸ்லர்ம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். நீங்கள் 4 நோடு கேட்டதாக நினைப்பீர்கள், 1 கிடைத்திருக்கும்.

த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. ஸ்லர்ம் 22.05 பதிப்பிலிருந்து, எஸ்பேட்சில் கொடுத்த "ஒரு டாஸ்குக்கு இத்தனை சிபியு" என்ற எண்ணை, ஸ்கிரிப்டுக்குள் ப்ரோகிராமைத் தொடங்கும் எஸ்ரன் கட்டளை தானாக எடுத்துக்கொள்வதில்லை. எஸ்ரன் வரியிலும் அதை மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு டாஸ்கின் எல்லா த்ரெட்டும் ஒரே கோரில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். ஜாப் சாகாது, பல மடங்கு மெதுவாகும். பழைய ஸ்கிரிப்டை சீனியரிடமிருந்து வாங்கி ஓட்டுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நேரம் கேட்பதில் தாராளம் வேண்டாம். பெரிய ஜாப்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் இடைவெளிகளில் சின்ன ஜாப்களை ஸ்லர்ம் நுழைத்துவிடும். 3 மணி நேரம் போதும் என்றால் 4 கேளுங்கள். பயந்துபோய் 96 கேட்டால் க்யூவிலேயே கிடப்பீர்கள். "டெஸ்ட் ஒன்லி" கொடியோடு எஸ்பேட்ச் கொடுத்தால், ஜாபைப் போடாமலே எப்போது தொடங்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்லும். முதல் ஓட்டங்களுக்கு டீபக் க்யூ இருக்கிறது. சின்ன அளவுதான் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் கிடைக்கும்.

5. கொன்றது யார்?

ஜாப் முடிந்துவிட்டது, விடை இல்லை. ஜாப்களின் பதிவைக் காட்டும் எஸ்அக்கவுன்ட் (sacct) கட்டளையில் ஜாப் எண்ணைக் கொடுத்து ஸ்டேட், எக்ஸிட் கோட், எடுத்த நேரம், மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (பயன்படுத்திய மெமரியின் உச்சம்), நோடு லிஸ்ட் ஆகிய ஐந்தையும் கேளுங்கள்.

ஸ்டேட்டில் "டைம்அவுட்" என்றால் கொன்றது ஸ்லர்ம். முதலில் சிக்டெர்ம் ("முடித்துக்கொள்" என்ற சிக்னல்) அனுப்பும். வழக்கமான அமைப்பில் 30 விநாடி கழித்து சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்). 30 விநாடியில் பெரிய செக்பாயிண்டை (விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிக்கும் கோப்பு) எழுத முடியாது. அதனால் "சிக்னல்" கொடியை வைத்து, முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒரு சிக்னல் அனுப்பச் சொல்லுங்கள். ப்ரோகிராம் அதைப் பிடித்துச் சேமித்துவிட்டு வெளியேறட்டும்.

"அவுட் ஆஃப் மெமரி" என்றால் கொன்றது கெர்னல். இங்கே மேக்ஸ்ஆர்எஸ்எஸ் எண்ணை முழுதாக நம்பாதீர்கள். ஸ்லர்ம் மெமரியை இடைவெளி விட்டுத்தான் அளக்கிறது, வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை. இடையில் ஒரு பெரிய அரே உருவாகி இரண்டே விநாடியில் செத்திருந்தால், கணக்கில் 40 ஜிபிதான் தெரியும், வரம்பு 64 ஜிபியாக இருக்கும். "வரம்பையே தொடலையே" என்று சண்டை போடத் தோன்றும். போடாதீர்கள், கெர்னல் சொல்வதுதான் சரி.

"நோடு ஃபெயில்" என்றால் உங்கள் மேல் தப்பில்லை. திரும்பப் போடுங்கள். அதே நோடில் மறுபடி நடந்தால் "எக்ஸ்க்ளூட்" கொடியால் அந்த நோடைத் தவிர்த்துவிட்டு, உதவி மையத்துக்கும் சொல்லுங்கள்.

"ஃபெயில்டு" என்றால்தான் உங்கள் ப்ரோகிராம். இப்போது எக்ஸிட் கோட். 128-க்கு மேல் இருந்தால் 128-ஐக் கழியுங்கள், மீதி சிக்னல் எண். 139 என்றால் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் 6, ப்ரோகிராம் தானே அபார்ட் செய்துகொண்டது. 132 என்றால் 4, மூன்றாம் பகுதியில் சொன்ன இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். 137 என்றால் 9, யாரோ சிக்கில் அனுப்பியிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி.

பல ரேங்க் ஓடும்போது ஒன்று செத்தால் எம்பிஐயோ ஸ்லர்மோ மற்றவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். அவுட்புட்டின் கடைசியில் நூறு ரேங்குகள் "கில்டு" என்று அலறும். அதைப் படிக்காதீர்கள். மேலே போய் முதலில் செத்தது எது என்று தேடுங்கள். எஸ்ரன்னில் "லேபிள்" கொடி போட்டிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ரேங்க் எண் இருக்கும். அது இல்லாத அவுட்புட்டில் தேடுவது கண்ணைக் கட்டிவிட்டுக் காட்டில் விட்டது போலத்தான்.

இன்னொரு பொறி: பிரிண்ட் வைத்து "40-வது ஸ்டெப்பில் செத்தது" என்று முடிவுகட்டுவது. கோப்புக்குப் போகும் அவுட்புட் பஃபரில் சேர்ந்து மொத்தமாகத்தான் எழுதப்படும். செத்தால் பஃபரில் இருந்தது போச்சு. 57-வது ஸ்டெப் வரை போயிருக்கலாம். பைதானுக்கு மைனஸ் யூ கொடி, சி மொழியில் எஃப்ஃப்ளஷ். அல்லது ஸ்டாண்டர்டு எர்ரரில் எழுதுங்கள்.

6. சாகவும் இல்லை, நகரவும் இல்லை

தொங்கிப்போன ஜாப் செத்த ஜாபைவிட மோசம், கோர்-மணி கரைந்துகொண்டே இருக்கும். எஸ்கேன்சல் அடிக்கக் கை துடிக்கும். அடிக்காதீர்கள். ஓடும் நிலையிலேயே உள்ளே போய்ப் பார்த்தால் பத்து நிமிடத்தில் காரணம் தெரியலாம்.

எஸ்ரன்னுக்கு ஜாப் எண், "ஓவர்லாப்" கொடி, "பிடிஒய்" கொடி, பாஷ் ஆகியவற்றைக் கொடுத்தால் அந்த நோடில் ஒரு ஷெல் கிடைக்கும். ஓவர்லாப் இல்லாவிட்டால், கோர்கள் காலியாகட்டும் என்று அந்த ஷெல்லும் காத்துக்கொண்டு நிற்கும்.

ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையை அடித்துப் பாருங்கள். எல்லா ப்ராசஸும் 100 சதவீதத்தில் இருக்கும். "நல்லா வேலை செய்யுதே" என்று ஏமாறாதீர்கள். எம்பிஐ லைப்ரரிகள் பெரும்பாலும் சும்மா காத்திருக்கும்போதே சிபியுவைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு ப்ராசஸ் எண்ணை எடுத்து ஜிடிபி என்ற டீபகரை மைனஸ் பியோடு ஒட்டவைத்து, பேக்ட்ரேஸ் (ப்ரோகிராம் இப்போது எந்த அழைப்பில் நிற்கிறது என்ற பட்டியல்) கேளுங்கள். பைதான் என்றால் அதே வேலைக்குப் பைஸ்பை. நாலைந்து ப்ராசஸுக்கு இதைச் செய்தாலே படம் தெளிவாகும். பெரும்பாலும் எல்லோரும் ஆல்ரெட்யூஸில் (எல்லா ரேங்கின் மதிப்புகளையும் சேர்க்கும் எம்பிஐ அழைப்பு) நிற்பார்கள், ஒரே ஒரு ரேங்க் மட்டும் வேறெங்கோ இருக்கும். அந்த ஒன்றுதான் நீங்கள் தேடும் ஆள். ப்ராசஸ் எண்ணை வைத்து ரேங்கைக் கண்டுபிடிக்க, ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் என்வைரான் கோப்பில் "ஸ்லர்ம்_ப்ராக்ஐடி" என்று தேடுங்கள்.

அந்த ஒரு ரேங்க் அங்கே இல்லாததற்கான பழைய காரணம்: "ரேங்க் 0 என்றால்" என்ற இஃபுக்குள் யாரோ ஒரு கலெக்டிவ் அழைப்பை (எல்லா ரேங்கும் சேர்ந்து அழைக்க வேண்டியது) வைத்திருப்பார்கள், அல்லது ஒரு ரேங்க் மட்டும் எர்ரரைப் பிடித்துக்கொண்டு லூப்பைவிட்டு வெளியே போயிருக்கும். இன்னொரு காரணம், அது ஒரு கோப்பைப் படிக்கக் காத்திருக்கும்.

ஆயிரக்கணக்கான ரேங்க் என்றால் ஒவ்வொன்றாக ஜிடிபி போட முடியாது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான ஸ்டாட் என்ற கருவி எல்லா ரேங்கின் பேக்ட்ரேஸையும் எடுத்து, ஒரே இடத்தில் நிற்பவர்களை ஒரே கூட்டமாகக் காட்டும். டிடிடி, டோட்டல்வியூ இரண்டும் விலைகொடுத்து வாங்கும் டீபகர்கள். உங்கள் மெஷினில் லைசென்ஸ் இருக்கிறதா, எத்தனை ப்ராசஸ் வரை என்று உதவி மையத்தைக் கேளுங்கள்.

7. பெரிதாக்கினால் மட்டும் வரும் பிழைகள்

சின்ன அளவில் ஓடும், பெரிய அளவில் ஓடாது. இதற்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கும் காரணங்கள் சில உண்டு.

முதலாவது, 32 பிட் முழு எண். உச்சம் 2,147,483,647. 40,000-க்கு 40,000 மேட்ரிக்ஸில் 160 கோடி எண்கள், ஓடும். 50,000-க்கு 50,000 என்றால் 250 கோடி. இன்டெக்ஸ் நெகடிவ் ஆகி, சம்பந்தமில்லாத இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். எம்பிஐ அழைப்புகளின் கவுன்ட் மதிப்பும் இதே 32 பிட் வகைதான். 2021-ல் வந்த எம்பிஐ 4.0-இல்தான் பெரிய கவுன்ட்டுக்கான அழைப்புகள் சேர்ந்தன. பழைய கோடில் துண்டு துண்டாக அனுப்புங்கள்.

இரண்டாவது, எம்பிஐ சென்ட். இரண்டு ரேங்கும் முதலில் சென்ட், பிறகு ரிசீவ் என்று எழுதியிருந்தால் அது தவறான கோட். ஆனால் செய்தி சின்னதாக இருக்கும்வரை லைப்ரரி அதைத் தன் பஃபரில் வாங்கிக்கொண்டு உங்களை விட்டுவிடும். செய்தி ஒரு வரம்பைத் தாண்டியதும், எதிராளி ரிசீவுக்கு வரும்வரை சென்ட் திரும்பாது. இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சோதிக்க எளிய வழி: சென்ட்டை எல்லாம் எஸ்சென்ட் (எதிராளி வாங்கத் தொடங்கும்வரை திரும்பாத சென்ட்) என்று மாற்றிச் சின்ன அளவிலேயே ஓட்டுங்கள். தொங்கினால், பிழை அங்கேதான்.

மூன்றாவதைப் பிழை என்றே சொல்லக்கூடாது. 64 ரேங்கில் வந்த விடையும் 1,024 ரேங்கில் வந்த விடையும் கடைசி இலக்கங்களில் மாறும். கூட்டும் வரிசை மாறினால் ஃப்ளோட்டிங் பாயிண்ட் கூட்டுத்தொகை லேசாக மாறத்தான் செய்யும். 12-வது இலக்கத்தில் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். 3-வது இலக்கத்தில் என்றால் தேடுங்கள்.

நோடுகள் கூடக் கூட, அவற்றில் ஒன்று செத்துப்போகும் வாய்ப்பும் கூடும். செக்பாயிண்ட் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை? யங் சூத்திரம் என்று ஒன்று உண்டு: ஒரு செக்பாயிண்டுக்கு ஆகும் நேரம், சராசரியாக எத்தனை நேரத்துக்கு ஒரு பழுது, இவை இரண்டையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எழுத 5 நிமிடம், 24 மணிக்கு ஒரு பழுது (1,440 நிமிடம்) என்றால் 14,400-இன் வர்க்கமூலம், 120 நிமிடம். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுதினால் சரி.

8. கோப்புகள்

ஆன்வில்லில் ஹோம் 25 ஜிபிதான். ஸ்கிராட்ச் (தற்காலிகக் கோப்புகளுக்கான இடம்) பெரியது, ஆனால் 30 நாள் தொடாத கோப்புகளை அழித்துவிடுவார்கள். பேக்கப் கிடையாது. கோட்டா ஜிபியில் மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கையிலும் உண்டு. இடம் இருக்கும்போதே "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்" வந்தால் அதுதான் காரணம். நாலைந்து காண்டா சூழல்கள் போதும், லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் குவிந்துவிடும்.

ஆயிரம் ரேங்க் ஒரே நேரத்தில் பைதான் இம்போர்ட் செய்தால் பகிர்ந்த ஃபைல் சிஸ்டமே திணறும். உங்கள் ஜாப் கணக்கைத் தொடங்கவே நிமிடக்கணக்கில் ஆகும், பக்கத்து ஜாப்களும் சேர்ந்து கெடும். எல்லாவற்றையும் ஆப்டெய்னர் என்ற கன்டெய்னர் கருவியால் இமேஜாக ஒரே கோப்பில் அடைத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கோர் ஃபைலும் (செத்த நொடியில் ப்ராசஸின் மெமரியில் இருந்ததன் நகல்) அப்படியே. பேக்ட்ரேஸுக்கு அது வேண்டும்தான், ஆனால் 512 ரேங்கும் ஆளுக்கு 2 ஜிபி எழுதினால் ஒரு டெராபைட். சின்ன அளவில் பிழையைத் திரும்ப வரவைத்து, அங்கே மட்டும் கோர் ஃபைலைத் திறந்துவிடுங்கள்.

9. உதவி கேட்பது

"என் ஜாப் ஓடவில்லை, தயவுசெய்து உதவுங்கள்" என்று டிக்கெட் போட்டால், "ஜாப் எண் என்ன?" என்ற பதிலுக்கே ஒரு நாள் போய்விடும். முதல் மெயிலிலேயே இவை போகட்டும்: ஜாப் எண், ஸ்கிரிப்ட் இருக்கும் முழுப் பாதை, மாட்யூல் லிஸ்ட், எஸ்அக்கவுன்ட் வரி, எர்ரரின் முதல் வரிகள் (ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், டெக்ஸ்டாக), கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள். சின்ன அளவில் அதே பிழை வரும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே பதில் வந்துவிடும். கோப்புகளை அவர்கள் படிக்க அனுமதி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அலகேஷன் (உங்களுக்கு ஒதுக்கிய மெஷின் நேரம்) முடியும் தேதியைக் காலண்டரில் போட்டு, ஒரு மாதம் முன்பே நீட்டிப்பு கேளுங்கள். நீட்டிக்கப் போவதில்லை என்றால் அந்த மாதத்திலேயே குளோபஸ் என்ற கோப்புப் பரிமாற்றச் சேவை வழியாகத் தரவை வெளியே எடுக்கத் தொடங்குங்கள். டெராபைட் கணக்கில் இருந்தால் ஒரு ராத்திரியில் முடியாது.